முன் ஆறு, பின் ஆறு

சந்திப்பு நிலையத்தின் ஒலிபெருக்கி அறை, மூன்றாம் நடைமேடைப் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. படிக்கட்டு சரிகிறபடியே அறையின் கூரையும் சரியும். உள்ளே போகிறவர் இரண்டடி நிமிர்ந்து நடந்து, மூன்றாவது அடியில் குனிந்து, நாலாவது அடியில் நாற்காலியில் விழ வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அப்படி விழுந்து விழுந்து, அந்த அறைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஆகிவிட்டவள் மைக்கக்கா. வயது ஐம்பத்தொன்று. அவளுக்கு வேறு பெயர் இருப்பது பணிப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும். ஸ்டேஷன் மாஸ்டரும் அக்கா என்பார். பெட்டிகளைக் கோக்கவும் கழற்றவும் செய்கிற, கொக்கி என்று எல்லோரும் கூப்பிடும் ஊழியர் அவளுக்கு ஆறு வயது மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அவள் குரலில் குழைவெல்லாம் கிடையாது. பொத்தான் தைக்கிறவர்கள் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவார்களே, அப்படித்தான் ஒவ்வொரு சொல்லையும் வைப்பாள். எந்த வண்டி, எந்த நடைமேடை, எத்தனை நிமிடம் தாமதம். இந்த மூன்றில் ஒன்றைக்கூட அவள் தப்பாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆரம்பத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில்தான் இருந்தாள். ஒருநாள் அறிவிப்பாளருக்குக் காய்ச்சல் வந்து, ஒரு மணி நேரம் உட்காரு என்று அனுப்பினார்கள். அந்த ஒரு மணி நேரம் இன்னும் முடியவில்லை.

கணவர் நகரத்தில் ஒரு தையல் ஆலையில் மெஷின் மெக்கானிக். கூட வேலை செய்கிறவர்கள் அவரை நூல்கண்டு என்பார்கள். ஆள் ஒல்லிதான், ஆனால் பெயர் அதற்காக வந்ததல்ல. முனையைப் பிடித்து இழுத்தால்தான் பேச்சு வரும். இருவரும் குடியிருப்பது மில் சாலையில், சந்திப்பிலிருந்து பிரியும் கிளைப்பாதையில் இருபத்தைந்து நிமிடத்தில். அவர் காலை ஆறுக்குக் கிளம்பிவிடுவார். அவள் பதினொன்றுக்குக் கிளம்புவாள். மாலை ஆறு நாற்பதுக்கு அவள் வேலை முடியும். ஆறு ஐம்பதுக்கு மில் சாலை வண்டி. அவருடைய நகர வண்டி சந்திப்புக்கு வருவது ஆறு ஐம்பத்திரண்டுக்கு.

இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தால் அவர் அடுத்த வண்டிக்கு ஏழு ஐம்பது வரை நடைமேடையில் கிடந்துவிட்டு, எட்டேகாலுக்கு வீடு சேர்வார். அவளாவது அவருக்காகக் காத்திருக்கலாமே என்றால், வீட்டுக் குழாயில் தண்ணீர் ஏழேகாலுக்கு வந்து ஏழே முக்காலுக்கு நின்றுவிடும். யாராவது ஒருவர் போய்ப் பிடித்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை, அவளுக்கு இல்லை. செவ்வாய் அவளுக்கு விடுமுறை, அவருக்கு இல்லை. மகள் படித்து, வேலை கிடைத்து, வேறு ஊருக்குப் போய் மூன்று வருடமாகிறது. இருபத்திரண்டு வருடமாக அவர்கள் விழித்திருக்கும்போது பார்த்துக்கொண்டது பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டுக்கு மேலேதான், அதுவும் அவர் பாதித் தூக்கத்தில்.

இதற்கிடையில்தான் புதிய கால அட்டவணை வந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் சுற்றறிக்கையோடு கீழே இறங்கி வந்து, கூரையில் தலை இடிக்காமல் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"அக்கா, அடுத்த வாரத்துலேர்ந்து மில் சாலைக்கு இணைப்பு ரயில் கிடையாது. இணைப்பு ரயில்தான்."

"என்ன சார், கிடையாதுங்கறீங்க. அப்புறம் அதேதான்ங்கறீங்க."

"அந்த இணைப்பு வேற, இந்த இணைப்பு வேற. இத்தனை நாளா இணைப்புன்னா எதிர்ப் பக்கம் நிக்கிற வண்டி. ஓடிப்போய்ப் புடிக்கணும். இனிமே இணைப்புன்னா ஒண்ணோட ஒண்ணு கோத்தது. ஓட வேண்டாம், உக்காந்தே இருக்கலாம்."

"ரெண்டுக்கும் அதே வார்த்தையா எழுதியிருக்காங்க?"

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "ஆமா" என்றார், அதற்குத் தானே பொறுப்பு என்பது போல.

விஷயம் இதுதான். நகரத்திலிருந்து சந்திப்பு வரையுள்ள பாதை நிரம்பிவிட்டது. மணிக்குப் பதினாறு வண்டி ஓடுகிறது, பதினேழாவதுக்கு இடமில்லை. புதுப் பாதை போட வேண்டுமானால் பாதி ஊரை இடிக்க வேண்டும். அதனால் மேலிடத்தில் யாரோ ஒரு யோசனை செய்திருந்தார்கள். துறைமுகம் போகிற ஆறு பெட்டி வண்டியையும் மில் சாலை போகிற ஆறு பெட்டி வண்டியையும் நகரத்திலேயே ஒன்றாகக் கோத்துவிடுவது. பன்னிரண்டு பெட்டி, ஒரே வண்டியின் இடம். சந்திப்புக்கு வந்ததும் நடுவில் கழற்றி, முன்பாதியைத் துறைமுகத்துக்கும் பின்பாதியை மில் சாலைக்கும் அனுப்புவது. மணிக்கு ஒன்றாக இருந்த மில் சாலை வண்டி மணிக்கு இரண்டாகிவிடும். யாரும் மாறி ஏற வேண்டியதில்லை. நடைமேடையையும் இதற்காக நீட்டி முடித்திருந்தார்கள், கொஞ்சம் தாராளமாகவே.

ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லிக்கொண்டே போனார். மைக்கக்காவின் விரல் அட்டவணையில் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. வருகை ஆறு ஐம்பத்திரண்டு. மில் சாலைக்குப் புறப்பாடு ஆறு ஐம்பத்தெட்டு. வீட்டுக்கு ஏழு இருபத்துமூன்று. தண்ணீர் அப்போதும் வந்துகொண்டிருக்கும். அவர் வருகிற வண்டியில் அவள் ஏறலாம்.

"மூணு வாரம் சோதனை ஓட்டம்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "மூணாவது வாரத்துல எந்த நாளாவது இருபது பேருக்கு மேல தப்பான பாதியில போனாங்கன்னா, பழையபடிதான். எண்ணறதுக்கு ஆள் போடறாங்க. ரெண்டு கிளையிலயும் வண்டிக்குள்ளயே நடந்து வந்து கேப்பாங்களாம்."

"இருபதுதானே" என்றாள் மைக்கக்கா.

முதல் நாள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் தப்பான பக்கம் போனார்கள்.

அறிவிப்பைத் தலைமை அலுவலகமே எழுதி அனுப்பியிருந்தது. ஒரு சொல் கூடக் கூடாது, குறையக் கூடாது. 'இந்த ரயில் இங்கே பிரிக்கப்படும். முன் ஆறு பெட்டிகள் துறைமுகம் செல்லும். பின் ஆறு பெட்டிகள் மில் சாலை செல்லும்.' அவள் வழக்கம் போல ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் பார்த்து வைத்தாள். எல்லாம் கெட்டியாகத்தான் இருந்தது. சொல்லி முடித்துவிட்டுத் தன் சிறிய ஜன்னல் வழியே பார்த்தபோது, பின்பாதியிலிருந்து மில் சாலைக்காரர்கள் கூட்டமாக இறங்கி வந்து பெஞ்சுகளில் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய வண்டி அவர்கள் கண்ணெதிரே காலியாகப் புறப்பட்டுப் போனது. யாரும் பதறவில்லை.

ஒரு நர்ஸ் வந்து ஜன்னலைத் தட்டினாள். "அக்கா, மில் சாலை வண்டி எப்ப வரும்?"

"இப்பத்தானேம்மா போச்சு. நீங்க அதுலேர்ந்துதானே இறங்கினீங்க?"

"நீங்கதானே பின்னாடி போகும்னீங்க. சரி, பின்னாடி ஒரு வண்டி வரும்னு இறங்கினோம்."

அவளுக்குப் பின்னால் நின்றவர் துறைமுகம் போக வேண்டிய ஆள். இவர் வேறு கதை சொன்னார். நகர நிலையத்தில் வாயிலைத் தாண்டி உள்ளே வந்ததும் முன்னால் எந்தப் பெட்டி நின்றதோ அதில் ஏறியிருக்கிறார். அவர் முன்னால் நின்றது முன்பெட்டிதானே? வண்டிக்கு அதுதான் வால் என்பது அவருக்கு எப்படித் தெரியும். எல்லோரும் இறங்குகிறார்களே என்று இங்கே சந்தேகம் வந்து அவரும் இறங்கிவிட்டார். ஒன்பதாம் பெட்டியில் கையில் குழந்தையோடு இருந்த, துறைமுகம் போக வேண்டிய ஒருத்தி, முன் ஆறு என்றதும் தான் இருக்கும் இடத்திலிருந்து முன்பக்கமாக ஆறு பெட்டியை எண்ணத் தொடங்கினாள்; எண்ணி முடிப்பதற்குள் வண்டி பிரிந்து போய்விட்டது.

அன்று மாலை ஆறு ஐம்பத்திரண்டு வண்டியையும் தானே அறிவித்துவிட்டுத்தான் மைக்கக்கா ஓடினாள். பின்பாதியில் ஏறி ஆறு பெட்டியையும் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தாள். அவர் இல்லை. மில் சாலையில் இறங்கினாள், தண்ணீர் பிடித்தாள், சாப்பாடு எடுத்து வைத்தாள். அவர் வந்தபோது ஒன்பதாகியிருந்தது.

"எங்க போனீங்க?"

"துறைமுகம்."

"துறைமுகத்துல உங்களுக்கு என்ன வேலை?"

"எனக்கு என்ன வேலை? நீதானே அனுப்பினே." செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். "முன் ஆறு போகும், பின் ஆறு போகும்னே. முன்னாடி போறது சீக்கிரம் வீட்டுக்குப் போகும்னு மாறி ஏறினேன். உன்கூடச் சேர்ந்து போகணும்னுதானே இவ்வளவும்."

"நான் பின்னாடி இருந்தேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீ மைக்ல சொல்லலியே, நான் பின்னாடி இருக்கேன்னு."

அவள் சிரிக்கலாமா அழலாமா என்று தெரியாமல் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள்.

மறுநாள் சரிவறைக்குள் மூன்று பேர் நெருக்கியடித்துக்கொண்டு கூட்டம் போட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் வாசலில், கொக்கி குனிந்தபடி, மைக்கக்கா நாற்காலியில்.

"தப்பு வார்த்தையிலதான் சார்" என்றாள் அவள். "முன்னுன்னா ஒருத்தருக்கு நேரம், ஒருத்தருக்கு இடம், ஒருத்தருக்கு மூக்குக்கு எதிர்க்க இருக்கறது. பின்னுன்னாலும் அதே கதிதான்."

"ஆறுன்னா ஒருத்தனுக்குத் தண்ணி ஓடறது" என்றார் கொக்கி. "ஒரு ஆளு என்கிட்ட வந்து, ஏங்க, ஆத்துக்கு முன்னாடி இறங்கணுமா பின்னாடி இறங்கணுமான்னு கேக்கறான். நான் கொக்கியைப் புடிக்கிறதா, அவனைப் புடிக்கிறதா?"

"பெட்டிக்கு வேற வேற பெயின்ட் அடிச்சா என்ன?"

"சோதனை வெற்றியான பெறகுதான் பெயின்ட்டாம்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"பெயின்ட் அடிச்சாத்தானே வெற்றியாகும்?"

"அதை எழுதிக் கேட்டா, பதில் வர்றதுக்குள்ள நாம மூணு பேரும் ரிட்டையர் ஆயிடுவோம்."

வழி கிடைத்தது மைக்கக்காவின் வீட்டில், சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே. வண்டியின் முன் எது பின் எது என்று அவள் நாலாவது முறையாக விளக்கியபோது, நூல்கண்டு ஒருவாறு அவிழ்ந்தது.

"எங்க ஆலையில நாங்க முன்னுபின்னுன்னு சொல்லவே மாட்டோம். தைக்கிறவங்களுக்கு முன்பக்கம் எனக்குப் பின்பக்கம். நான் அந்தப் பக்கம் உக்காந்துல்ல கழட்டறேன்? கையைக் குத்திக்குவோம். ஊசிப்பக்கம், சக்கரப்பக்கம், அவ்வளவுதான். ரெண்டு பேருக்கும் ஊசி ஊசிதான்."

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. மூன்றாம் நடைமேடையில் ஊசி எது, சக்கரம் எது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. முன்பாதி நிற்கிற இடத்தில் படிக்கட்டு. பின்பாதி தொடங்குகிற இடத்தில், ஏழாம் பெட்டிக்கு நேராக, குடிதண்ணீர்க் குழாய்.

"சொன்ன வார்த்தையை மாத்த அனுமதி கிடையாது அக்கா" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர் மறுநாள்.

"மாத்தல சார். அதைச் சொல்லிட்டு, கூட ஒரு வரி."

அவர் படியில் கால் வைத்தார். "வண்டி வர்ற நேரத்துல நான் பெரும்பாலும் மாடியில ஃபோன்லதான் இருப்பேன். கீழ நடக்கறது காதுல விழாது" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

அன்றிலிருந்து ஒலிபெருக்கி இப்படியும் சொன்னது: 'படிக்கட்டுப் பக்கம் நிற்கும் பெட்டிகள் துறைமுகம். தண்ணீர்க் குழாயும் அதற்கு அப்பாலும் நிற்கும் பெட்டிகள் மில் சாலை. இருந்த இடத்திலிருந்து ஜன்னல் வழியே பாருங்கள்.' எல்லோரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள். தப்பாகப் போனவர்கள் தொண்ணூறாகக் குறைந்தார்கள். நாற்பத்தொன்று. இரண்டாம் வாரக் கடைசியில் பதினெட்டு.

இதற்குள் அவளும் அவரும் சேர்ந்து வீட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். ஆறு நாற்பதுக்கு வேலையை மாலை அறிவிப்பாளரிடம் கொடுத்துவிட்டு, முகம் கழுவி, குழாயடியில் போய் நிற்பாள். வண்டி வரும். ஏழாம் பெட்டியின் இரண்டாம் ஜன்னலில் அவர் இருப்பார்.

முதல் இரண்டு நாள் என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. எதிரெதிராக உட்கார்ந்து, பெண் பார்க்க வந்த இடத்தில் தனியாக விட்டுவிட்டுப் போன மாதிரி கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இடது கட்டைவிரலில் ஒரு பழைய தழும்பு. அது எப்போது ஏற்பட்டது என்று கேட்கலாமா என்று நினைத்தாள். தெரிந்திருக்க வேண்டிய விஷயமோ என்னவோ என்று கேட்காமல் விட்டாள். மூன்றாம் நாள் அவரே, "இந்த ஸ்டேஷன்ல இறங்கற அந்தக் குடைக்காரர் தினமும் குடையை மறந்துட்டுத் திரும்பி ஓடி வருவார், பாரு" என்றார். குடைக்காரர் இறங்கினார், திரும்பி ஓடி வந்தார். அன்று இருவரும் வீடு வரை சிரித்தார்கள். அதன் பிறகு அவர் பகலெல்லாம் அவளிடம் சொல்வதற்கென்று ஒரு விஷயத்தைப் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவரத் தொடங்கினார். ஒரு நாளைக்கு ஒன்று. பெரும்பாலும் மெஷின்களைப் பற்றியது. அவளுக்குப் பாதி புரியாது. இந்த மனிதரிடம் இவ்வளவு இருந்ததா, இத்தனை நாளும் இதெல்லாம் எங்கே போயிற்று என்று குழப்பமாக இருக்கும்.

இதெல்லாம் இருபது என்ற எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் வாரத்தில் பகல் முழுக்க அவள் மாடிக்கு ஆள் விட்டு எண்ணிக்கை கேட்பாள். பதினாறு. பதினொன்று. பத்தொன்பது வந்த அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசி நாள் மாலை, ரயில்வே சீருடைக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு அறையைவிட்டு வெளியே வந்தபோது, ஸ்டேஷன் மாஸ்டர் படியில் நின்றிருந்தார்.

"இருபது ஆயிடுச்சு அக்கா."

"ஐயோ. எப்ப?"

"ஏதோ கல்யாணக் கூட்டம். அஞ்சு பேர் மொத்தமாத் துறைமுகம் போயிட்டாங்க. இன்னும் நாலு வண்டி இருக்கு. ஒண்ணு கூடினாலும் போச்சு."

"நான் வேணா இருந்து சொல்லட்டுமா?"

"நீங்க போங்க. அந்தப் பொண்ணு நல்லாத்தான் சொல்லுது. நீங்க இங்க நின்னு என்னையும் பதட்டப்படுத்தாதீங்க."

வண்டி வந்தது. மைக்கக்கா குழாயடியில் நின்றாள். குழாய்க்கு நேரே ஒரு கதவு, கதவுக்கு அடுத்த ஜன்னலில் அவர் முகம். அவள் ஏறினாள். பெட்டியில் ஏழெட்டுப் பேர்தான். அவர் அன்றைக்கென்று வைத்திருந்ததை அவள் உட்காரும் முன்பே தொடங்கிவிட்டார்.

"இன்னிக்கு ஒரு புது மெஷின் வந்திருக்கு. பேசுது."

"பேசுதா?"

"நூல் முடிந்ததுங்குது. பொம்பளைக் குரல். நான் எண்ணெய்க் குப்பியோட பக்கத்துல நிக்கிறேன், யாரோ கேக்கறாங்கன்னு, இதோ மாத்திடறேம்மான்னு பதில் சொல்லிட்டேன். மொத்த ஆலையும் சிரிக்குது."

"இதோ மாத்திடறேம்மாவா?"

"ரெண்டாந்தடவையும் சொல்லிட்டேன். உன்னை மாதிரியே அதட்டிச் சொல்லுது, என்ன பண்றது?"

அவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அந்த நேரத்தில் ஒலிபெருக்கி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் அறிவிப்பைக் காதுகொடுத்துக் கேட்டுப் பழகியவள் அல்ல; அவளுக்குச் சொல்லித்தான் பழக்கம். வெளியே கொக்கி கையை ஆட்டி எதையோ கத்தினார். அவள் பதிலுக்குக் கையை ஆட்டினாள். கதவு மூடியது.

மில் சாலை வண்டி என்றால் கிளம்பிச் சிறிது தூரத்தில் இடது பக்கம் சாய வேண்டும். வலது பக்கம் சாய்ந்தது.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "ஏங்க. இது எந்தப் பெட்டி?"

"ஏழு."

"ஏழுல ஏறினீங்களா?"

"அவசரத்துல ஆறுல ஏறிட்டேன். இங்க வந்ததும் இறங்கி மாறிக்கலாம்னு இருந்தேன். பாத்தா, குழாய் என் ஜன்னலுக்கு நேரா நிக்குது. சரி, இதுதான் ஏழு போலிருக்கு, நாமதான் தப்பா எண்ணிட்டோம்னு இருந்துட்டேன்."

அவளுக்கு இப்போது புரிந்தது. ஓட்டுநர் புது ஆள் போல. நிற்க வேண்டிய இடத்தை எட்டாமல், ஒரு பெட்டி நீளம் குறைவாகவே வண்டியை நிறுத்திவிட்டார்; ஏழுக்குப் பதில் ஆறு குழாய்க்கு நேரே நின்றுவிட்டது. குழாய் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஒலிபெருக்கி சொன்னது அதைத்தான்: இன்று குழாயை நம்பாதீர்கள். கொக்கி கத்தியதும் அதைத்தான். கேட்டவர்கள் எல்லோரும் சரியாக மாறிப் போய்விட்டார்கள். கேட்காமல் போனது அந்த வரியை எழுதியவளும் அதற்கு யோசனை சொன்னவரும்.

பெட்டியின் அந்தக் கோடியில் கதவு திறந்து, கையில் அட்டையும் பேனாவுமாக எண்ணுகிற ஊழியர் வந்தார். "இது துறைமுக வண்டிங்க. மில் சாலை போறவங்க யாராச்சும் தப்பா ஏறியிருந்தா சொல்லுங்க. திரும்பிப் போக இலவசச் சீட்டு தர்றேன்."

இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று மைக்கக்கா மனசுக்குள் எண்ணினாள். சீருடைக் கோட்டை மடியில் உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து, அடையாள அட்டையை அதற்குள் தள்ளினாள். வாயைத் திறக்க முடியாது. இந்தப் பாதையில் வேலை செய்கிறவர்களில் அவள் குரல் தெரியாதவர் யாருமில்லை. அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, முனையை யாரும் இழுக்காமலே அவர் ஒரு புது ஆளிடம் பேச வேண்டியிருந்தது.

"நீங்க எங்கங்க?" என்றார் ஊழியர்.

"துறைமுகந்தான்."

"கடைசி ஸ்டேஷனா?"

"கடைசிதான்."

ஊழியர் எதிர் இருக்கையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாள் முழுக்க நடந்த கால். "நானும் அங்கதான். எந்தத் தெரு?"

"பெரிய தெரு."

"மேலயா, கீழயா? ரெண்டு பெரிய தெரு இருக்கே."

"நடுவுல" என்றார் கணவர்.

மைக்கக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"விசேஷமா?"

"பொண்ணு பாக்கப் போறோம்."

"பையனுக்கா? பையன் வரலியா?"

"மொதல்ல நாங்க பாக்கறோம். புடிச்சா அவன் வந்து பாப்பான்."

அவர்களுக்குப் பையனே கிடையாது. இல்லாத பையனுக்கு அவர் வேலை கொடுத்தார், உயரம் கொடுத்தார், கொஞ்சம் முன்கோபமும் கொடுத்தார். சொல்லச் சொல்லப் பொய் ஒரு நேர்த்தியோடு வந்தது. மைக்கக்கா தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். நடுவில் ஓரிடத்தில் அந்தப் பையனின் உடம்பைப் பற்றி அவளுக்கே கவலையாகிவிட்டது.

"அம்மா ஒண்ணுமே பேச மாட்டேங்கறாங்களே" என்றார் ஊழியர்.

"தொண்டை கட்டிடுச்சு. நாள் பூரா பேசற வேலை." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. "ஸ்கூல்ல" என்று அவசரமாகச் சேர்த்தார். "டீச்சர்."

ஊழியர் அட்டையில் அந்த வண்டிக்கு நேரே ஒரு பூஜ்யம் போட்டார். மைக்கக்கா அதைத் தலைகீழாகப் பார்த்தாள். பூஜ்யம் எப்படிப் பார்த்தாலும் பூஜ்யம்தான்.

துறைமுகத்தில் இறங்கியதும் எதிர் நடைமேடைக்குப் போய்த் திரும்பிவிடலாம் என்றால், ஊழியர் அவர்களோடேயே வெளியே நடந்து வந்தார். வாசலில் நின்று, "நடுவுலன்னா இப்படித்தான் போகணும்" என்று கையைக் காட்டினார். வேறு வழியில்லாமல் போனார்கள். சரக்குக் கிடங்குகளின் நீண்ட சுவர், பூட்டிய இரும்புக் கதவுகள், ஒரு சைக்கிள் கடை, மறுபடியும் சுவர். ஒரு திருப்பத்தில் திரும்பி நின்றபோது ஊழியர் இன்னும் அங்கேயே நின்று கையசைத்தார். இவர்களும் அசைத்துவிட்டு அடுத்த திருப்பம் வரை நடந்தார்கள். அங்கே இருவருக்கும் வந்த வழி மறந்துபோனது.

"மணி என்ன?" மைக்கக்கா கடைசியில் வாயைத் திறந்தாள்.

"ஏழே முக்கால்."

"தண்ணி நின்னிருக்கும்."

"நாளைக்கு நான் ஆலையில குளிச்சுக்கறேன்."

"நான்?"

சைக்கிள் கடைக்காரரிடம் ஸ்டேஷனுக்கு வழி கேட்டார்கள். அவர் சொன்னபடி போயும் மறுபடியும் அதே கடைக்கு வந்தார்கள். கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்து விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு படி ஒன்றாகத் தாவி இறங்கி வந்து, முதல் தடவையாகக் கூரையில் தலையை இடித்துக்கொண்டார்.

"இருபதுலயே நின்னுடுச்சு அக்கா. கடைசி நாலு வண்டியிலயும் ஒருத்தர்கூட இல்ல. நிரந்தரம் பண்ணிட்டாங்க. பெயின்ட்டும் வருதாம்." தலையைத் தேய்த்துக்கொண்டே, "என்ன, சந்தோஷமே இல்லியா?" என்றார்.

"இருக்கு சார்" என்றாள் அவள். மைக்கை அருகே இழுத்தாள். இரண்டாம் நடைமேடைக்கு ஒரு வண்டி மூன்று நிமிடத் தாமதத்தில் வந்துகொண்டிருந்தது. மூன்றுதானா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

மாலையில் அவர் ஏழாம் பெட்டியில் இரண்டாம் ஜன்னலில் இருந்தார். ஏறுவதற்கு முன் அவள் பெட்டியின் எண்ணைப் படித்தாள், கொக்கியிடம் கேட்டாள், ஓட்டுநர் எங்கே நிறுத்தியிருக்கிறார் என்று எட்டிப் பார்த்தாள். பிறகு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, நாம பண்ணது சரிதானா?"

"எது? ஏறினதா, சொன்னதா?"

அவள் யோசித்தாள். ஏறியது தப்பு என்று தெரியும். சொன்னதும் தப்புதான். ஆனால் இந்த வண்டியில் தினமும் எத்தனை பேர் முக்கால் மணி முன்னதாக வீடு சேர்கிறார்கள். ஆனால் அதற்காகவா அவர்கள் சொன்னார்கள்? அவர் அன்றைய விஷயத்தைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

கதவு மூடி வண்டி நகர்ந்தது. இருவரும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.